ஞானப்பூவின் மூன்று விரல்கள்

போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்க, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மாடியில் எங்கள் போர்டு ரூம் இருந்த இடத்தில் இப்போது ஏ.சி. போட்டு, நரம்பில் கரண்ட் விட்டுப் பார்க்கும் மிஷின் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஒயரை ஒட்டினால் எந்த விரலில் உணர்ச்சி இருக்கிறது, எதில் இல்லை என்று திரையில் கோடாக வருகிறதாம். அங்கிருக்கும் நர்ஸம்மா சிரித்துக்கொண்டே, "இது இல்லாமயே நீங்கெல்லாம் எப்படிங்ண்ணா பெர்சென்ட் போட்டீங்க?" என்று கேட்டார்.

பெர்சென்ட் போட்டது டாக்டர்கள். நான் ஆர்டர்லி. பெயர் கூப்பிடுவேன், நாற்காலி நகர்த்துவேன், சொன்ன இடத்தில் தொடுவேன். அந்தத் தொடுகிற வேலையைப் பற்றித்தான் நர்ஸம்மாவுக்குப் பதில் சொல்ல முடியாமல் வந்துவிட்டேன். சாயங்காலம் விளக்கேற்றி முருகன் முன்னால் உட்கார்ந்தபோதும் அது மனசை விட்டுப் போகவில்லை. எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். சில வருஷம் பனியன் கம்பெனியில் மூட்டை தூக்கிவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தேன். ஸ்ட்ரெச்சர் தள்ளினேன், மாவுக்கட்டு அறையில் கட்டு வெட்டப் பழகினேன். கை நிதானமாக இருக்கிறது என்று சொல்லி என்னைப் போர்டுக்கு மாற்றினார்கள். ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான்.

போர்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். மிஷினில் கை போகிறது, கால் போகிறது. தொழிலாளி நஷ்டஈட்டுக்கு வழக்குப் போடுகிறார். முதலாளி சார்பில் இன்சூரன்ஸ் கம்பெனி வந்து நிற்கிறது. வைத்தியம் பார்த்த டாக்டர் ஊனம் இவ்வளவு சதவீதம் என்று ஒன்று எழுதித் தருவார். இன்சூரன்ஸ் பக்கத்து டாக்டர் அதில் பாதிதான் என்பார். இரண்டுக்கும் ஒத்துவராதபோது வழக்கை விசாரிக்கும் அதிகாரி எங்களிடம் அனுப்புவார். மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து பார்த்து ஒரு எண்ணை எழுதுவார்கள். அந்த எண்தான் அந்த மனுஷனோடு ஆயுசுக்கும் நடக்கும்.

மூவரில் மூத்தவரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். எலும்பு டாக்டர், ஒல்லியான ஆள், சத்தமே வராது. யார் கையைத் தொடுவதற்கு முன்னாலும் தன் கையை வெந்நீரில் கழுவித் துடைத்துக்கொள்வார். "சில்லுன்னு தொட்டா கை பயந்துக்கும்" என்பார். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் எவர்சில்வர் கோணமானியைக்கூட உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றித்தான் வைப்பார். எங்கே வலி என்று கேட்க மாட்டார். "காலையில என்ன சாப்பிட்டீங்க? யாரு பெசைஞ்சு குடுத்தது?" என்று கேட்பார். சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பது போல் அவர்கள் விரலைப் பார்ப்பார்.

அவருக்குக் கோயில், குளம் எல்லாம் கிடையாது. நான் கிருத்திகைக்குச் சிவன்மலை முருகன் கோயில் போய்வந்து விபூதி நீட்டினால் வாங்கி மேஜையில் வைத்துவிடுவார். ஆனால் போர்டு ரூம் வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு முருகன் படம் மாட்டச் சொன்னது அவர்தான். "இன்னும் மேல மாட்டு. இன்னும் மேல" என்று உத்தரத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கவைத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். காரணம் பிறகுதான் தெரிந்தது.

சோமனூர்ப் பக்கத்திலிருந்து தறிக்காரர் ஒருவர் வந்தார். தோள்பட்டை அடிபட்டு, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கவே வராது என்றார். உள்ளே அரை மணி நேரம் தூக்கச் சொன்னோம், முகத்தைச் சுளித்தாரே தவிரக் கை எழவில்லை. "சரிங்க, போயிட்டு வாங்க" என்றார் பெரிய டாக்டர். வாசலைத் தாண்டினாரோ இல்லையோ, எதிரே முருகன். மனுஷன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, "அப்பனே, நீதான் காப்பாத்தோணும்" என்று கும்பிட்டார். உள்ளே இருந்து பெரிய டாக்டர், "ஏனுங்க, சாமி காப்பாத்தீட்டாருங்க. உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். தறிக்காரர் கையை இறக்கவும் முடியாமல் அப்படியே நின்றது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது.

உண்மையிலேயே தூக்க முடியாதவர்கள் அந்தப் படத்தின் முன்னால் ஒற்றைக் கையால் கும்பிட்டுவிட்டு அழுவதையும் அவர் பார்ப்பார். அவர்களுக்கு எழுத வேண்டியதைக் குறைக்கவே மாட்டார்.

இந்தப் படம் செல்லுபடியாகாத ஒரு கேஸ் வந்தது. வந்தவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள்.

சாயப்பட்டறைத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு கலராக ஓடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஞானப்பூ என்ற பெண். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், பிழைக்க வந்து மண்ணரையில் குடியிருந்தார்கள். அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் காம்பாக்டிங் மிஷினில் துணி மடிக்கும் வேலை. சூடான ரோலர்களுக்கு நடுவே பனியன் துணி அழுந்தி வரும். துணியில் விழுந்த சுருக்கத்தை இழுத்துவிடப் போனபோது வலது கை உள்ளே போய்விட்டது. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தப்பின.

தகராறு தப்பின இரண்டு விரலைப் பற்றித்தான். மூன்று விரல் போனால் முப்பது என்று சட்ட அட்டவணையில் இருக்கிறது. ஆனால் மீதி இரண்டும் கல்லாக மடங்கிக் கிடந்தன. அசையவில்லை. கை முழுக்க உதவாது என்று வைத்தியம் பார்த்த டாக்டர் அறுபது போட்டார். காயமே படாத விரல் ஏன் அசையாது, எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது, வேண்டுமென்றே மடக்கி வைத்திருக்கிறார் என்று இன்சூரன்ஸ் பக்கம் சொன்னது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எப்போதும் வருகிறவர் கோயம்புத்தூர்க்காரர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், நல்ல பேச்சு. அன்றைக்கு அவரும் உட்கார்ந்திருந்தார். ஞானப்பூவின் வீட்டுக்காரர் சாமுவேல் வாசல் ஓரமாக நின்றார். கட்டிங் செக்ஷனில் வெட்டின துணியைக் கட்டுக்கட்டாகக் கட்டி அனுப்புகிற வேலை அவருக்கு.

பெரிய டாக்டர் ஞானப்பூவின் கையை வெந்நீரில் வைத்திருந்துவிட்டு, கட்டைவிரலை மெல்ல நிமிர்த்தப் பார்த்தார். வரவில்லை.

"நீங்களா மடக்கறீங்களாம்மா?"

"நான் மடக்கல சார். போன வெரல் மூணும் இதுகளப் புடிச்சிக்கிட்டு விட மாட்டேங்கு."

இன்சூரன்ஸ்காரர் சிரித்தார். "இதுவரைக்கும் நான் கேக்காத கதைங்க சார். டிவி சீரியலுக்கே குடுக்கலாம்."

பெரிய டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. ஞானப்பூவின் கண்ணைத் துண்டால் கட்டச் சொன்னார். இது எங்கள் வழக்கம். நான் பஞ்சாலோ, மழுங்கிய ஊசியாலோ, ஐஸ் தண்ணீரில் போட்ட ஸ்பூனாலோ தொடுவேன். எங்கே தொட்டது என்று அவர்கள் சொல்ல வேண்டும். நடிக்கிறவர்கள் எங்காவது தடுமாறுவார்கள்.

கட்டைவிரலைத் தொட்டேன். "தெரியல" என்றார். ஆள்காட்டி விரல். "தெரியல." இன்சூரன்ஸ்காரர் எனக்குப் பின்னால் தொண்டையைக் கனைத்தார்.

அப்போது பெரிய டாக்டர் என்னைப் பார்த்துச் சைகை செய்தார். கையைத் தாண்டி, விரல் இருந்திருக்க வேண்டிய வெறும் இடத்தைக் காட்டினார். அங்கே மேஜை விரிப்பு மட்டும்தான். நான் விரிப்பைக்கூடத் தொடவில்லை. ஸ்பூனை வைத்துவிட்டு, சுண்டுவிரல் இருந்திருக்கும் இடத்தில் என் விரலை அந்தரத்தில் நிறுத்தினேன்.

"சுண்டுவெரல்" என்றார் ஞானப்பூ. "உங்க கை சில்லுன்னு இருக்கு."

ஐஸ் தண்ணீரில் கை விட்டதால் என் விரல் குளிர்ந்துதான் இருந்தது. பெரிய டாக்டர் கண்ணைக் காட்டினார். நடுவிரல் இடத்துக்கு மாற்றினேன்.

"இது நடுவெரல்."

மோதிரவிரல் இடம்.

"இது மோதிரவெரல். நேராத் தொடல நீங்க. துணிக்கு மேல தொடுதீங்க. சுத்தி பனியன் துணி இருக்கு, இறுக்கிக் கெட்டிப் போட்டுருக்கு. துணியெல்லாம் நனைஞ்சு கெடக்கு சார்."

நான் முருகா என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே கையை இழுத்துக்கொண்டேன். வாசலைப் பார்த்தால் சாமுவேல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், முகத்தில் ரத்தமே இல்லை.

விரல் போன சேதி மூளைக்கு உடனே போய்ச் சேராது, அது இன்னும் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும் என்று பெரிய டாக்டர் எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்கு அதை அவர் சொல்லவில்லை. "அடுத்த போர்டுக்கு வரட்டும். இன்னிக்கு எழுதல" என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டார்.

அடுத்த தேதிச் சீட்டைக் கொடுக்க வராந்தாவுக்குப் போனேன். சாமுவேல் தரையில் உட்கார்ந்திருந்தார். ஞானப்பூ பக்கத்தில் நின்று, "என்னத்த மறைக்கீங்க? சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியிலயே வச்சிக்கிட்டாங்கன்னு உன்ட்ட பொய் சொன்னேன். ஒரு கவர்ல போட்டு என் கையில குடுத்துட்டாங்க. கல்லறைத் தோட்டத்துல எடம் கேக்க பயமா இருந்துச்சு. என் பையில கெடந்த வேஸ்ட் துணியில சுருட்டி, பண்டல் கெட்டுவம்லா, அது மாதிரி கிழியப் போட்டு இழுத்துக் கெட்டி, ஆத்தங்கரையில பொதச்சேன். வேற எப்படிக் கெட்டணும்னு எனக்குத் தெரியாதே ஞானம். தெனமும் கெட்டுத கை, அப்படியே கெட்டிருச்சு."

பனியன் துணியை நாடாவாகக் கிழித்த கிழியைப் பற்றி எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இழுத்தால் நீளும். இழுத்துக் கட்டிவிட்டால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். நனைந்துவிட்டால் முடிச்சுக்குள் நகம்கூட நுழையாது.

ஞானப்பூ தன் மடங்கிய கையைப் பார்த்தார். பிறகு, "போய் அவுத்து விடுங்க" என்றார்.

"அவுத்து, கை நெசமாவே வெளங்கிட்டா?" சாமுவேல் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அறுபது முப்பதாயிரும் ஞானம். பாதியாயிரும். அடுத்த போர்டு முடியட்டும். கையெழுத்தாகட்டும், அன்னிக்கே போய் அவுத்துருதேன்."

"அதுவரைக்கும் இது இப்படியே நெரிக்கட்டுமா? நகம் உள்ளங்கையில குத்துது. எந்த நகம்னு கேட்டா என்னத்தச் சொல்ல? இல்லாத நகம்."

சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் என்னிடம், "எனக்கு ஒத்தையில தோண்ட பயமா இருக்கு. நீங்க கூட வாங்கண்ணே" என்றார்.

போர்டுக்கு வருகிறவர்கள் வீட்டு விஷயத்தில் நாங்கள் தலையிடக்கூடாது. எனக்கு மனசு கேட்காமல் பெரிய டாக்டரிடமே போய் நடந்ததைச் சொன்னேன். கையை வெந்நீரில் கழுவிக்கொண்டே கேட்டார். "ஞாயித்துக்கிழமை நீ எங்க போறேன்னு நான் எப்பவாச்சும் கேட்டிருக்கேனா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஜெபக்கூட்டம் முடிந்த பிறகு போனோம். நல்ல வெயில். அந்த வாரம் மழை பெய்து, ஆறு கத்தரிப்பூ நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடியது. நான் விபூதி பூசிக்கொண்டு மண்வெட்டியைப் போட்டேன். சாமுவேல் அவர் பாட்டுக்கு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார், நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் போனது.

அதிக ஆழமில்லை. கட்டு வந்தது. வெள்ளைத் துணியில் கட்டியதாகச் சொன்னார். வந்தது ஆற்றின் நிறத்தில் இருந்தது, பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல. சாமுவேல் முடிச்சில் நகத்தை வைத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் முயன்றார். நான் கத்தியை நீட்டினேன். "வேண்டாம்ணே. வெட்டுனா அவளுக்கு வலிக்கும்" என்றார்.

கடைசியில் முடிச்சு நெகிழ்ந்தது. அவர் கையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் துணி தானாக, மெதுவாக, ஒவ்வொரு சுற்றாக விரிந்துகொண்டே போனது. பனியன் துணி அப்படித்தான் விரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே இருந்ததை நான் பார்க்கவில்லை. சாமுவேல் பார்த்தார். புதுக் கைக்குட்டையை விரித்து, ஒவ்வொன்றாக நீட்டி, பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து, கட்டாமல் மண்ணைத் தள்ளி மூடினார்.

மண்ணரைக்கு நடந்து போனோம். லைன் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டம்மா எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"ஏனுங்க சாமுவேலு, உங்க ஊட்டுக்காரம்மாவுக்கு என்னாச்சுங்க? அரிசி பொடச்சுட்டு இருந்தவங்க மொறத்தப் போட்டுட்டுக் கையவே பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க. கூப்புட்டாக் காதுலயே வாங்கறதில்லீங்க."

உள்ளே போனோம். தரையெல்லாம் அரிசி. ஞானப்பூ சுவரில் சாய்ந்திருந்தார். வலது கை மடியில் இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீண்டு, மல்லாந்து கிடந்தன. எங்களை நிமிர்ந்து பார்க்காமலே, "அதுக புடிய விட்டுட்டு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மண்ணு இதமா இருக்கு" என்றார். சாமுவேல் அப்படியே அரிசி மேல் உட்கார்ந்துவிட்டார். நான் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து, வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

அடுத்த போர்டுக்கு வந்தார்கள். அங்கே ஞானப்பூ கையைப் பழையபடி மடக்கி வைத்திருக்கலாம். யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் தானே கையை மேஜை மேல் விரித்து வைத்தார்.

"அசையுது சார். பாத்துக்கிடுங்க."

பெரிய டாக்டர் கோணமானியை உள்ளங்கையில் சூடேற்றி வைத்து அளந்தார். நன்றாகவே மடங்கி நிமிர்ந்தன. இன்சூரன்ஸ்காரர் நாற்காலியில் நிமிர்ந்து, "நான் அன்னிக்கே சொன்னனுங்களே" என்றார்.

"என்னம்மா வைத்தியம் பண்ணீங்க?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

"அவுத்து விட்டோம் சார்."

"என்னத்த அவுத்தீங்க?" இது இன்சூரன்ஸ்காரர். சாமுவேல் எல்லாவற்றையும் சொன்னார். புதைத்தது, கட்டியது, அவிழ்த்தது. இன்சூரன்ஸ்காரர் முதலில் சிரிக்கப் பார்த்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார். "இதைக் காட்டாம இருந்திருந்தா உங்களுக்கு அறுபது வந்திருக்கும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். அந்த அறுபத வச்சு எம்புள்ளைக்குச் சடை பின்ன முடியாதுல்லா."

பெரிய டாக்டர் முப்பது என்று எழுதினார். அதற்குக் கீழே ஒரு வரி எழுதி, சத்தமாகப் படித்தார். முதல் முறை பார்த்தபோது இவர் விரல்கள் அசையாமல் இருந்தது உண்மை, நடிப்பு அல்ல.

"அந்த வரி எதுக்குங்க சார்? எண்ணு போதுமே" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"எண்ணு உங்களுக்கு. வரி அவங்களுக்கு."

ஞானப்பூ அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். காகிதத்தைத் திருப்பிக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அன்றைக்கு வேறு கேஸ் இல்லை. அறையைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினேன். நடுப்படியில் இன்சூரன்ஸ்காரர் நின்றிருந்தார். அவர் கேட்ட எண் கிடைத்துவிட்டது, காரும் கீழே காத்திருக்கிறது, ஆனால் போகவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க சார்."

"எங்கப்பாவுக்கு சுகர். இங்கதானுங்க காலை எடுத்தாங்க, முட்டிக்குக் கீழ. போன வருஷம். அந்தம்மா மாதிரியே அவரும் இல்லாத காலைச் சொல்லி இன்னும் கத்தறாருங்க. நான்தான் வயசான காலத்துல நடிக்கறீங்களான்னு திட்டுவேன்." அவர் படியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "எடுத்த காலை யாருமே வந்து கேக்கலீன்னா, நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

நான் தினமும் சாமி கும்பிடுகிறவன். அவர் கேட்டபோது எனக்குப் பொய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் செங்கல் வைத்துக் கட்டின சூளை ஒன்று உண்டு.

"எரிச்சுருவோமுங்க சார்" என்றேன். "அப்பா என்னங்க சொல்லிக் கத்தறாரு?"

"தண்ணி ஊத்துடா, தண்ணி ஊத்துடான்னுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கீழே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், வெகுநேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.